விருந்தாளிக்கு வரி கிடையாது

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காவல் நிலையத்தில் உங்கள் ஆட்கள் எழுதி வைத்திருப்பதில் அதுவே தப்பு. நான் இருந்தேன். என் மருமகள் இருந்தாள். நகராட்சி உரிமப் பிரிவிலிருந்து வந்த ஆய்வாளர் கூடத்தில் இருந்தார். மாடிப் பின்னறையில் லிப்ட் மெக்கானிக் இருந்தார். கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தார். தெருவில் அவரை டெலஸ்கோப் என்பார்கள், அவர் கண்ணுக்குத் தப்பி இந்தத் தெருவில் ஒரு துணிகூடக் காய்ந்ததில்லை. துணி துவைக்கும் அம்மாளும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவள் அன்று வரவில்லை. வராத நாட்களே அவளுக்கு அதிகம்.

இதை நான் என் கைப்பட எழுதித் தருவதற்குக் காரணம் உண்டு. உங்கள் எழுத்தர் நான் சொன்னதைத் தட்டச்சு செய்து படித்துக் காட்டினார். ஒற்று விட்ட இடங்களைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் என் மருமகளை ‘விடுதி நடத்துபவர்’ என்றும், என்னை ‘உடன் வசிக்கும் முதியவர்’ என்றும் அதில் போட்டிருந்தது. அந்த வீட்டைக் கட்டியவர் என் தந்தை. இந்த நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். அந்த உரிமப் பிரிவு இருக்கிற கட்டடத்தில் படிக்கட்டு திரும்பும் இடத்தில் அவர் படம் மாட்டியிருக்கிறது. தூசி தட்டுவதில்லை என்று கேள்வி.

அந்த வீட்டில் நான் யாருடனும் ‘உடன் வசிக்க’வில்லை. என்னுடன்தான் மற்றவர்கள் வசிக்கிறார்கள்.

என் மகன் கப்பலில் வேலை செய்கிறான். வருடத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பான். மாடி ஒழுக ஆரம்பித்த வருடம், மேலே சும்மா கிடக்கும் மூன்று அறைகளில் வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கலாம் என்று மருமகள் சொன்னாள். செல்போனில் ஏதோ ஒன்றில் படம் போட்டால் ஆட்கள் தாமாக வருவார்களாம். நான் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். வருகிறவர்கள் விருந்தாளிகள். வாடகை என்ற சொல் இந்த வீட்டுக் கூரைக்குக் கீழே யார் வாயிலிருந்தும் வரக்கூடாது.

“சரி மாமா” என்றாள். அவள் எதற்கும் சரி மாமா என்றுதான் சொல்வாள். பிறகு தன் இஷ்டத்துக்குச் செய்வாள்.

அந்த விருந்தாளிகள் அவள் செல்போனுக்கு எதையாவது அனுப்பினார்கள் என்றால், அது அவர்களுக்கும் அந்தச் செல்போனுக்கும் உள்ள விஷயம். நான் என் கையால் எதையும் வாங்கியதில்லை.

பிறகுதான் நகராட்சி இதில் மூக்கை நுழைத்தது. குறுகிய காலத்துக்கு அறை தருகிற வீடுகள் எல்லாம் உரிமம் எடுக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. தங்குகிற ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு இரவுக்கும், உள்ளூர் வரி. அறை ஒவ்வொன்றுக்கும் வெளியே திறக்கிற ஜன்னல் இருக்க வேண்டும். கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கக்கூடாது. தீயணைக்கும் சிவப்பு உருளை மாட்ட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில், வீட்டுப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், பார்க்கிறவர் கண் மட்டத்தில், ஒரு பச்சைப் பலகை. அதில் ‘உரிமம் பெற்ற தங்குமிடம்’ என்று எழுதி எண் போட்டிருக்கும்.

என் தந்தையின் பெயர் பித்தளையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் பச்சைத் தகரம்.

என் வீட்டில் ஒருவர் படுத்துத் தூங்குவதற்கு நான் எதற்கு வரி கட்ட வேண்டும் என்று மருமகளிடம் கேட்டேன். குறட்டை விட்டால் அதற்குத் தனியாகவா, இல்லை அதிலேயே அடக்கமா என்றும் கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

“எல்லாரும் எடுக்கிறாங்க மாமா. அந்தப் பல் டாக்டர் வீட்லகூடப் பலகை மாட்டியிருக்காங்க.”

“அவங்க வீட்டு வாசல்ல ஏற்கெனவே பல் படம் மாட்டியிருக்கு. அதோட இதுவும் ஒண்ணு.”

உரிமம் எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது விசாரித்தால் என்ன சொல்வது என்பதற்கு மருமகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வருகிற ஒவ்வொருவருக்கும் சாவி கொடுக்கும்போதே ஒரு உறவுமுறையும் கொடுத்துவிடுவாள். யார் கேட்டாலும் நீங்கள் மாமாவின் தம்பி மகன், அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுங்கள் என்பாள். பெண்ணாக இருந்தால் தம்பி மகள்.

எனக்குத் தம்பி கிடையாது. நான் ஒரே பிள்ளை. ஆனாலும் அந்த ஒன்றரை வருடத்தில் தம்பி பிள்ளைகள் ஊர்ப்பட்ட பேர் எனக்குப் பிறந்தார்கள். தலை முழுதும் வழுக்கையாக, என்னைவிட மூத்தவராகத் தெரிந்த ஒரு காப்பீட்டு முகவர், டெலஸ்கோப் கேட்டருகே நிற்பதைப் பார்த்ததும், “பெரியப்பா, போய்ட்டு வரேன்” என்று கூசாமல் கையசைத்துவிட்டுப் போனார். எதிர்த்துச் சொன்னால் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் குடும்பத்தில் யாரும் வாசலில் நின்று விளக்கம் சொன்னதில்லை.

லிப்ட் மெக்கானிக் மாதத்துக்கு ஒருமுறை வருவார். பெரிய மருத்துவமனையின் லிப்ட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள். மூன்று நான்கு நாள் தங்குவார். முதல் தடவை மருமகள் அவருக்கும் உறவைச் சொல்லிக்கொடுத்தபோது, அவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி பையன்னா சொத்துல பங்கு உண்டுங்களா?”

“முதல்ல வீட்டு வேலைல பங்கு எடுங்க. அப்புறம் சொத்தைப் பத்திப் பேசலாம்” என்றாள் மருமகள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ஆள் அதை வேலைக்கான அழைப்பாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். மறுமுறை வந்தபோது கிணற்றடி மோட்டார் போடுகிற சத்தம் பிடிக்காமல் அதைக் கழற்றிப் பூட்டினார். ஒவ்வொரு கதவுக் கீலுக்கும் எண்ணெய் விட்டார். சத்தம் போடுகிற எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது என்றார். பின்னறைக் கதவின் வெளித்தாழ்ப்பாளும் அவர் எண்ணெய் விட்டதுதான். அந்த அறை முன்பு பாத்திரங்கள் போட்டு வைக்கிற அறை, அதனால் தாழ்ப்பாள் வெளியே இருந்தது. துருப்பிடித்துப் போய், இழுத்தால் தெருவுக்கே கேட்கும். அவர் கை பட்டபிறகு வெண்ணெய் மாதிரி நழுவியது.

இது முக்கியம் என்பதால் எழுதுகிறேன். நான் தாழ்ப்பாள் போட்டபோது அவருக்கு ஏன் கேட்கவில்லை என்று உங்கள் அதிகாரி கேட்பார்.

ஜன்னலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்னறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. பக்கவாட்டில் தெருவைப் பார்த்து இருக்கும். ஒரு விருந்தாளி அதன் கம்பியில் தன் உள்ளாடைகளைக் காயப்போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அன்று மாலை டெலஸ்கோப் என்னிடம், “பெரியவர் வீட்ல கொடி ஏத்தியிருக்கீங்களே, என்ன விசேஷம்?” என்று கேட்டார். பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மறுநாள் நான் ஆசாரியை வரச்சொல்லி அந்த ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டேன். அந்த அறையோடு சேர்ந்த, கேஸ் கீசர் இருக்கிற குளியலறையின் சின்னத் திறப்பையும் சேர்த்துத்தான்.

கீசர் மாட்டியவன் ஒருதடவை பழுது பார்க்க வந்து அதைப் பார்த்துவிட்டு, “இதை அடைச்சா கீசரைக் கழட்டிருங்க, இல்ல கீசர் வேணும்னா இதைத் தொறந்துருங்க. ரெண்டும் சேராது” என்றான். கேஸ் எரிந்து காற்று கெட்டுப்போகும், வாசனையே தெரியாது, தலை சுற்றும், அப்புறம் அவ்வளவுதான் என்றான். அவன் என்னிடம்தான் சொன்னான். நான் மருமகளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பலகையைக் கழற்றச் சொல்லியிருப்பாள். ஆகவே, அவள் ஆபத்தான கீசரைத் தெரிந்தே வைத்திருந்தாள் என்று நீங்கள் எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். தெரிந்தவன் நான்.

விருந்தாளிகளிடம் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் குளிக்கும்படி நானே சொல்லிவிடுவேன். புழுங்கும் என்று காரணம் சொல்வேன். கதவு திறந்திருந்த வரையில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இனி அந்தக் காலையைப் பற்றி.

நான் காலையில் மாடித் தாழ்வாரத்தில் நடப்பது வழக்கம். மருத்துவர் சொன்னதற்காக அல்ல. என் தந்தையும் நடந்தார். பின்னறைக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். மெக்கானிக் குளித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்போது கீழே ஒரு மோட்டார் பைக் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். கழுத்தில் நகராட்சி அட்டை தொங்குகிற ஒரு பையன். டெலஸ்கோப் அவனுக்கு எங்கள் வீட்டைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். வாயெல்லாம் பல்லாக இருந்தது.

நான் பின்னறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு ஒருவர் தாழ்வாரத்துக்கு வந்து நகராட்சிக்காரன் முன்னால் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவதை நான் விரும்பவில்லை. அதைத் தவிர அந்த நேரத்தில் என் மனதில் வேறு எதுவும் இல்லை. கீசர் நினைவுக்கு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஐந்து நிமிஷத்தில் பையனைக் கிளப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

கீழே இறங்கி வந்தபோது ஆய்வாளர் என் தந்தையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். சட்டைப் பையில் பேனா கசிந்து நீலமாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அந்த அளவுக்கு மரியாதை தெரிந்திருந்தது. பிறகு மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மாமா, மெக்கானிக் எழுந்துட்டாரா?” என்று மருமகள் கேட்டாள். “சார் அவர் ரூமைப் பாக்கணுமாம்.”

“அவர் விடியும்போதே வேலைக்குப் போயாச்சு” என்றேன்.

அவள் ஆய்வாளர் பக்கம் திரும்பி, “அதான் சார், சொன்னேன்ல, லிப்ட் மெக்கானிக் ஒருத்தர் தங்கியிருக்கார்னு” என்றாள்.

சொன்னேன்ல. அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. அவள் எனக்குத் தெரியாமல் உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். யார் தங்குகிறார்கள், எத்தனை அறை, எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஆய்வாளர் எங்களைப் பிடிக்க வரவில்லை. உரிமத்துக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். டெலஸ்கோப்பிடம் வழி கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அவள் என்னைப் பார்க்காமல் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். “பலகையை உள்பக்கமா மாட்டிக்கலாமான்னு கேட்டிருக்கேன் மாமா. தெருவுக்குத் தெரியாது” என்று மெதுவாகச் சொன்னாள். என் மானத்துக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் பார்த்து ஏற்பாடு செய்திருக்கிறாள்.

வீட்டு வரி ரசீதின் நகல் வேண்டும் என்றார் ஆய்வாளர். அவள் நகலெடுக்கத் தெருக்கோடிக் கடைக்குப் போனாள். போகும்போது, “சாருக்கு ஃபேன் போடுங்க மாமா” என்றாள். போட்டேன்.

ஆக, அந்த இடத்தில் நிலைமை இதுதான். மாடியில் ஒருவர் இருக்கிறார் என்பது நகராட்சிக்குத் தெரியும். மறைக்க எதுவும் இல்லை. நான் எழுந்து மேலே போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்திருக்கலாம். தாழ்ப்பாள் விஷயம் தெரியாமலே உங்கள் அதிகாரி மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டதும் இதைத்தான், ஏன் மேலே போகவில்லை என்று. அவருக்கு அன்று பதில் சொல்லவில்லை. மேசையைத் தட்டுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அந்த ஆள் வேலைக்குப் போய்விட்டார் என்று நான் சொல்லியாகிவிட்டது. என் மருமகள் முன்னால், நகராட்சிப் பையன் முன்னால் சொல்லியாகிவிட்டது. இப்போது எழுந்து போனால், இந்த வீட்டுப் பெரியவர் ஒரு மனிதரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து கூசாமல் பொய் சொன்னார் என்று அவன் அலுவலகத்தில் போய்ச் சொல்வான். அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தில், என் தந்தையின் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு சொல்வான்.

“அவர்தான் இல்லையே சார், ரூம் காலிதான? ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடட்டுமா?” என்று ஆய்வாளர் எழுந்தார்.

“மாடி, வீட்டுப் பெண்கள் புழங்குற இடம். மருமகள் வரட்டும்” என்றேன்.

உடனே உட்கார்ந்துவிட்டார். நல்ல வீட்டில் வளர்ந்த பையன்.

அப்போதுதான் தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது.

ஆய்வாளர் தலையைத் தூக்கினார். “பக்கத்து வீட்ல ஏதும் வேலை நடக்குதுங்களா?” என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். பக்கத்து வீட்டில் அந்த மாதம் உண்மையிலேயே அலமாரி வேலை நடந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் மெக்கானிக் சொன்ன ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முந்தின நாள் காலை சாப்பிடும்போது, லிப்ட்டில் மாட்டிக்கொள்கிறவர்களைப் பற்றி அவரிடம் மருமகள் கேட்டாள். பயந்து செத்துவிட மாட்டார்களா என்று.

“முதல்ல கத்துவாங்க, அப்புறம் தட்டுவாங்க” என்றார். “நான் போன உடனே வெளியிலேர்ந்து ஒரு குரல் குடுத்துருவேன். வந்துட்டேன், இங்கதான் இருக்கேன்னு. அது போதும், பாதி உயிர் வந்துரும். அப்புறம் நிதானமா வேலையப் பாக்கலாம். தட்டுற வரைக்கும் ஒண்ணும் கவலை இல்ல, பெரியவரே. தட்டுறது நின்னாதான் ஓடணும்.”

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆகவே தட்டுகிற வரைக்கும் எனக்குக் கவலை இருக்கவில்லை. தொழில் தெரிந்தவர் சொன்னது.

ஆய்வாளர் வரியைப் பற்றி விளக்கினார். ரொம்பச் சின்னத் தொகை சார், நாம கையிலேர்ந்து போடப்போறது இல்ல, தங்குறவங்ககிட்ட வாங்கி நாம கட்டுறதுதான் என்றார். நாம என்றார். என்னையும் அவரையும் சேர்த்து. இந்த வரியால் தெருவிளக்கு வரும், குப்பை வண்டி வரும் என்றார். என் தந்தை காலத்தில் இந்த ஊருக்குத் தெருவிளக்கு எப்படி வந்தது என்று அவருக்குச் சொன்னேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். மேலே தட்டும் சத்தம் இரண்டு இரண்டாக வந்துகொண்டிருந்தது.

பிறகு குரல் வந்தது.

அந்த மனிதருக்கு இருந்த புத்தியைப் பாருங்கள். கீழே வேற்றுக் குரல் கேட்டிருக்கிறது. நகராட்சி, வரி, உரிமம் என்ற சொற்கள் படிக்கட்டு வழியாக மேலே போயிருக்கும். கதவைத் திற என்று கத்தவில்லை. தன் பெயரைச் சொல்லவில்லை. யார் வீட்டிலோ மாட்டிக்கொண்டேன் என்று தெருவைக் கூப்பிடவில்லை. மருமகள் சொல்லிக்கொடுத்திருந்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு, “பெரியப்பா” என்று கூப்பிட்டார். வீட்டைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

“யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கே சார்” என்றார் ஆய்வாளர். “பெரியப்பான்னு.”

“எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் கிடையாது” என்றேன். “என்னைப் பெரியப்பான்னு கூப்பிட ஆள் இல்ல.”

அந்தக் காலையில் நான் சொன்னவற்றில் அது முழு உண்மை. எவரும் விசாரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் சில தடவை கூப்பிட்டார். அப்புறம் தட்டும் சத்தம் மட்டும். அது இரண்டு இரண்டாக வராமல் ஒன்று ஒன்றாக வர ஆரம்பித்தது. ஆய்வாளர் தன் தாத்தா என் தந்தையைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். எங்கே பார்த்தார் என்று கேட்டேன். நகராட்சி வாசலில் மனுவோடு நின்றபோது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எந்தச் சங்கடமும் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதே தெரிவதில்லை.

அந்த வாக்கியத்தின் நடுவில் தட்டுவது நின்றது.

எனக்குத் தெரியும், தட்டுவது நின்றால் ஓட வேண்டும். நான் அந்த வயதைக் கடந்துவிட்டேன். அதோடு, வீட்டுக்கு வந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து ஓடுவது எங்கள் வழக்கமில்லை. “காப்பி சாப்பிடறீங்களா?” என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

மருமகள் நகலோடு வந்தாள். அவருக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்து, அறையை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினார். கிளம்பும்போது, “பின்னறை ஜன்னலைப் பலகை வெச்சு அடைச்சிருக்கீங்களாமே, அதைத் திறந்துடுங்க சார். அதுவும் கீசரை வெளியே மாத்துறதும்தான் பாக்கி. மத்தபடி உங்க உரிமம் ரெடி” என்றார். உங்க உரிமம் என்றார்.

மருமகள் சமையலறைக்குப் போனாள். நான் கேட் வரைக்கும் போய், டெலஸ்கோப் உள்ளே போகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் லேசில் போகவில்லை. “என்ன, நகராட்சியெல்லாம் தேடி வருது?” என்றார். “அப்பா படத்துக்கு விழா எடுக்கணுமாம்” என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் உள்ளே போனார்.

அதற்குப் பிறகு மாடி ஏறித் தாழ்ப்பாளை நீக்கினேன். சத்தமே இல்லை. கதவைத் தள்ளினேன். உள்ளே ஏதோ சாய்ந்திருந்தது போலக் கனமாக இருந்தது. தள்ளுவதை நிறுத்திக்கொண்டேன். கதவுக்குக் கீழே தண்ணீர் வந்துகொண்டிருந்தது, குழாயை மூடவில்லை. செருப்பு நனையாமல் திரும்பிக் கீழே வந்து செய்தித்தாள் படித்தேன்.

படிக்கட்டில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து மருமகள்தான் மேலே போனாள். அவள் போட்ட அலறலுக்குத்தான் தெரு சந்தி சிரித்தது. அவ்வளவு சத்தம் தேவையில்லை. அவளே அவரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டு, மார்பை அழுத்தி, வாயில் காற்று ஊதி, டெலஸ்கோப்பை ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிக் கத்தினாள். டெலஸ்கோப் எங்கள் மாடிக்கு வந்து நின்றது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரம் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார். மருத்துவர்கள் அப்படிச் சொல்வது வழக்கம்.

தாழ்ப்பாள் திறந்திருந்தது. கீசர் உள்ளே இருந்தது. ஜன்னல் அடைத்திருந்தது. உரிமம் இல்லை, விண்ணப்பம் மருமகள் பெயரில். நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஜன்னலை யார் அடைத்தது என்று கேட்டதற்கு, தானே அடைத்ததாகச் சொல்லியிருக்கிறாள். ஆசாரியை விசாரித்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசித்தேன். பெரிய மனுஷி என்று பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையாக இருக்கலாம்.

நான் சும்மாதான் இருந்திருப்பேன். என்னை எழுதவைத்தவை இரண்டு. ஒன்று, செய்தித்தாள். ‘விடுதி நடத்திய பெண் கைது’ என்று போட்டு, கீழே எங்கள் வாசல் படம். பித்தளையில் என் தந்தையின் பெயர் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. என் வீட்டில் ஒரு காரியம் நடந்தால் அது என் சொல்லால் நடந்ததாக இருக்க வேண்டும். ஒரு மருமகள் பொறுப்பில் நடந்ததாக ஊர் படிக்கக்கூடாது.

இரண்டாவது, மெக்கானிக்கின் அக்கா. தம்பியின் கருவிப் பையை வாங்கிக்கொண்டு போக வந்தாள். கேட்டுக்கு உள்ளே வரத் தயங்கி, கால்களைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய்க் குப்பியை மூடி சரியாக இருக்கிறதா என்று திருகினாள்.

“உங்களைப் பத்தி வீட்ல ரொம்பச் சொல்லுவான்” என்றாள். “அங்க எனக்கு ஒரு பெரியப்பா இருக்காருக்கா, முகம்தான் கடுகடுன்னு இருக்கும்னு. கடைசியா ஏதாச்சும் சொன்னானாங்க?”

வாசலில் நின்று விளக்கம் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியும் என்பதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜன்னலை அடைத்தவன் நான். கீசரைப் பற்றித் தெரிந்தவன் நான். தாழ்ப்பாளைப் போட்டவன் நான், அவர் சாகும்வரை அதை நீக்காமல் உட்கார்ந்திருந்தவனும் நான். விருந்தாளியாக வந்தவரைக் கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். வாடகைக்கு வந்தவர் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மாடியில் அவ்வளவு தட்டியும் இந்தக் கிழவர் ஏன் எழுந்து போகவில்லை என்பதற்குத் தெருவில் ஒரு பேச்சு நடக்கிறது. அதைத் தொடங்கிவைத்தது என் மருமகள்தான் என்று எங்கள் வக்கீல் சொன்னார். மாமாவுக்கு வயதாகிவிட்டது, காது மந்தம், பாவம், அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்று காவலில் இருந்தபடியே அழுதுகொண்டு சொன்னாளாம். டெலஸ்கோப்பும் ஆமாம் ஆமாம் என்றாராம். வக்கீல் அதை வைத்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்.

அது தவறு. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.